பெயரை மறுக்கும் படிவம்: இணையப் படிவச் சரிபார்ப்பும் சாளர இலக்கும்



மொழிக்கென அமைந்த மன்றத்தின் பொதுச் சொற்பொழிவில் இணையப் படிவத்தைப் பற்றிப் பேசவிருக்கிறோம் என்று அறிவிப்பு வெளியானபோது, நண்பர் ஒருவர், "இது கணினித் துறையார் கூட்டத்திற்கு உரிய தலைப்பாயிற்றே, இங்கே எதற்கு?" என்று கேட்டார். எழுத்து என்பது யாது, பெயர் என்பது யாது, பிழை என்பது யாது என்னும் மூன்றும் இலக்கண வினாக்கள். இம்மூன்றிற்கும் இன்று நாள்தோறும் விடை கூறிக்கொண்டிருப்பவை படிவங்களின் பின்னே மறைந்திருக்கும் விதிகள். அவ்விதிகளை எழுதுவோர் பெரும்பாலும் தமிழ் எழுத்தையோ தமிழர் பெயரையோ நினைவிற்கொண்டு எழுதுவதில்லை. தமிழாசிரியர்களாகிய நாமே எழுதினாலும் தவறுவோம் என்பதற்கு எங்கள் கதையே சான்று. அக்கதையிலிருந்தே தொடங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான பேச்சுப் போட்டி ஒன்றை நடத்தும் பொறுப்பு எங்களிடம் வந்தது. ஆசிரியர் இருவரும், கல்லூரியில் கணினியியல் பயின்றுகொண்டிருந்த எங்கள் பழைய மாணவர் ஒருவரும் சேர்ந்து பதிவுப் படிவத்தை உருவாக்கினோம். பெயர், அடையாள அட்டை எண், பள்ளி, முகவரி என நான்கைந்து கட்டங்கள். கீழே "அனுப்புக" என்று ஒரு பொத்தான். பார்வைக்கு அழகாகவே இருந்தது. திறந்துவிட்ட அன்று மாலையே ஓர் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, எங்கள் பிள்ளையின் பெயரே தவறு என்கிறதே உங்கள் படிவம்?" என்றார். நாங்கள் நம்பவில்லை. எழுத்துப்பிழை இருக்கும், மீண்டும் ஒருமுறை முயலுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டோம்.

அந்த மாணவியின் பெயரில் பிழை ஏதுமில்லை. அடையாள அட்டையில் உள்ளபடியே, முதலில் அவள் பெயர், அடுத்து ஏ/பி, அதன்பின் தந்தையின் பெயர் எனத் தட்டச்சு செய்திருக்கிறார். நடுவில் நின்ற சாய்கோட்டைப் படிவம் ஏற்கவில்லை. ஆசிரியை வேறு வழியின்றி ஏ/பி-யை நீக்கிவிட்டு, இரு பெயர்களையும் அடுத்தடுத்து இட்டு அனுப்பினார். போட்டி முடிந்தது, பரிசும் கிடைத்தது. பின்னர்ப் புறப்பாட நடவடிக்கைப் புள்ளிக்காகச் சான்றிதழைக் காட்டியபோது, அதிலிருந்த பெயர் அடையாள அட்டைப் பெயரோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேடையில் நன்றாகப் பேசிய பிள்ளை, தான் யாரென்று மெய்ப்பிக்கக் கடிதம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அக்கடிதத்தை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம். பிழையும் எங்களுடையதுதான்.

சாய்கோட்டை ஏன் தடுத்தோம்? எங்கள் பழைய மாணவரிடம் கேட்டபோதுதான் விளங்கிற்று. ஒவ்வொரு சான்றிதழையும் மாணவர் பெயரிலேயே ஒரு கோப்பாகச் சேமிக்குமாறு அவர் நிரல் எழுதியிருந்தார். கணினியில் சாய்கோடு என்பது ஓர் உறையையும் அதனுள் இருக்கும் உறையையும் பிரிக்கும் குறி. பெயரில் அது வந்தால், ஏ என்று ஓர் உறையைத் தேடி நிரல் தடுமாறும். ஆகவே பெயர்க்கட்டத்தில் சாய்கோடே வரக்கூடாது என்று விதி செய்துவிட்டார். கோப்புக்குப் பதிவு எண்ணைப் பெயராக இட்டிருந்தால் ஒரு வரியில் தீர்ந்திருக்கும். கணினிக்கு நேர்ந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க மனிதரின் பெயரைத் திருத்தச் சொன்னோம் என்பதே இதன் பொருள். படிவங்களில் காணப்படும் தடைகளுள் பலவற்றைத் துருவிப் பார்த்தால் இத்தகைய காரணமே அடியில் கிடக்கும்.

இனிச் சரிபார்ப்பு என்பது யாதெனச் சுருக்கமாகக் காண்போம். இணையம் தோன்றிய தொடக்க ஆண்டுகளில், படிவத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால்கூட அது தொலைவிலுள்ள வழங்கிக்குச் சென்று, அங்கே பிழையென்று அறியப்பட்டு, முழுப்பக்கமாகத் திரும்பி வரவேண்டும். தொலைபேசிக் கம்பி வழி இணைந்திருந்த காலத்தில் அது நெடுநேரம் பிடித்தது. 1995-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி, அனுப்புவதற்கு முன்னரே உலாவியிலேயே பிழை காண வழி செய்தது. பின்னர், 2014-இல் டபிள்யூ3சி பரிந்துரையாக வெளிவந்த எச்டிஎம்எல் 5, நிரல் எழுதாமலே சரிபார்க்கும் பண்புகளைத் தந்தது. கட்டாயம் நிரப்பவேண்டியதற்கு ‘ரிக்வயர்டு’, நீள வரம்பிற்கு ‘மேக்ஸ்லெங்த்’, அமைப்பிற்கு ‘பேட்டர்ன்’ என ஒரு சொல்லை இட்டால் போதும்.

ஆயினும் உலாவியில் நிகழும் சரிபார்ப்பு ஒரு மரியாதை மட்டுமே. உலாவியின் உள்ளே புகுந்து அவ்விதியை அழித்துவிட்டு அனுப்ப எவராலும் இயலும். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுள் சிலருக்கு அது முன்பே தெரிந்திருக்கும் என்பது முகங்களிலிருந்தே புலனாகிறது. ஆகவே வழங்கியிலும் அதே சரிபார்ப்பு மீண்டும் நிகழ வேண்டும். விதியறியாமலும் அதனைத் தாண்டிச் செல்ல வாய்ப்புண்டு. ஜாவாஸ்கிரிப்டில் ‘சப்மிட்’ என்னும் கட்டளையால் படிவத்தை நேரே அனுப்பினால், எச்டிஎம்எல் விதிகள் ஒன்றுமே இயங்குவதில்லை. ‘ரிக்வெஸ்ட் சப்மிட்’ என்னும் கட்டளையைப் பயன்படுத்தினால்தான் இயங்கும். விதி எழுதியிருக்கிறோம், ஏன் தடுக்கவில்லை என்று எங்கள் மாணவர் ஓர் இரவு முழுவதும் தேடியது இதைத்தான்.

தமிழ் இலக்கண மரபில் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று உண்டு. நன்னூலார் வழுவை ஏழாக வகுத்தார். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்பன அவை. அவற்றோடு நில்லாமல், வழுவாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்கப்படுவதை வழுவமைதி என்று தனியே வைத்தனர் நம் முன்னோர். பசுவைத் தாயென்று அன்பினால் கூறினால் அது திணை வழுவாயினும் அமைத்துக்கொள்ளப்படும். படிவம் எழுதுவோர் முதலிரண்டையும் அறிந்திருக்கிறார்கள், மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். சரி என்றால் ஏற்றுக்கொள். இல்லையென்றால் கதவைச் சாத்து. இவற்றிற்கிடையே, "இப்படித்தான் எழுதப்பட்டுள்ளதா? உறுதி செய்யுங்கள்" என்று வினவிவிட்டு ஏற்றுக்கொள்ளும் நிலை ஒன்று இருக்கலாம். பெயர்க்கட்டத்திற்கு அந்நிலையே பெரிதும் பொருந்தும். ஒருவர் தம் பெயர் இதுவென்று கூறும்போது மறுக்கும் உரிமை படிவத்திற்கு ஏது?

மலேசியாவில் ஏ/எல், ஏ/பி என்றும், சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ என்றும் நம் பெயர்கள் பதிவேடுகளில் சாய்கோட்டோடு நிற்கின்றன. இக்கோடு நாம் கேட்டுப் பெற்றதன்று; பதிவு முறையால் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தபின் சட்டப்படியான பெயரின் உறுப்பாகிவிட்டது. அதுபோலவே முன்னெழுத்தும் அதன்பின் இடும் புள்ளியும். ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டத்தை வைத்து அதைக் கட்டாயமாக்கும் படிவங்களின் முன் நாம் படும் பாடு தனி. தந்தை பெயரை அங்கே இட்டால், மறுமொழிக் கடிதம் தந்தையை விளித்து வருகிறது. புள்ளி ஒன்றை மட்டும் இட்டு அனுப்புவோர் உண்டு. தம் பெயரையே இருமுறை எழுதுவோரும் உண்டு. முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதும். "உங்களை எவ்வாறு அழைக்கலாம்?" என்று இன்னொரு கட்டம் வேண்டுமானால் சேர்க்கலாம். இரண்டு கட்டங்களில் எல்லாப் பண்பாட்டுப் பெயர்களும் அடங்கிவிடும்.

இதுகாறும் கூறியது ஆங்கில எழுத்தில் எழுதப்படும் பெயரைப் பற்றியது. தமிழ் எழுத்திலேயே பெயரை எழுதினால் நிகழ்வது இன்னும் விந்தையானது. கணித்தமிழ் முன்னோடிகள் பட்ட பாட்டை ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். 1985-இல் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கியபோதும், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தபோதும், 1997-இல் தமிழ்நெட் மாநாடு சிங்கப்பூரில் கூடியபோதும், திரையில் தமிழ் தோன்ற வேண்டும், விசைப்பலகையில் தமிழ் எழுத வேண்டும் என்பதே பெருங்கவலையாக இருந்தது. அக்கவலை இன்று பெரும்பாலும் தீர்ந்தது. எழுத்து தோன்றுகிறது, எழுதவும் முடிகிறது. எழுதியதை "இது எழுத்தன்று" என்று விதி மறுக்கும் கட்டத்தில் இப்போது நிற்கிறோம்.

அது எவ்வாறு நேர்கிறது? ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் உயிரெழுத்துகளும் அகர உயிர்மெய்களும் ‘எழுத்து’ என்னும் வகையில் வைக்கப்பட்டன. கால், கொம்பு, கொக்கி, சுழி முதலிய உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளியும் ‘குறி’ என்னும் வேறு வகையில் வைக்கப்பட்டன. தமிழ் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்றெழுத்து. ஒருங்குறிக்கு அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள். அவற்றுள் மூன்று எழுத்து வகையைச் சேர்ந்தவை. இரண்டு குறி வகையைச் சேர்ந்தவை. ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ எனப்படும் அமைப்பு விதியில், "உலக மொழிகள் எவற்றின் எழுத்தும் வரலாம்" என்று பரந்த மனத்தோடு ஒருவர் எழுதியிருந்தாலும், குறி வகையைச் சேர்க்க மறந்திருந்தால், தமிழ் என்னும் சொல்லே அவ்விதியில் தேறாது. இகரக்குறியிலேயே விழுந்துவிடும்.

ஆசிரியர்கள் தம் வகுப்புப் பெயர்ப்பட்டியலை எடுத்து இதனைச் சோதித்துப் பார்க்கலாம். உயிர்க்குறியும் இல்லாமல், மெய்ப்புள்ளியும் இல்லாமல், அகர உயிர்மெய்களால் மட்டும் அமைந்த பெயர் ஒன்றாவது அகப்படுகிறதா என்று தேடினோம். மரகதம் என்று நினைத்தால் இறுதியில் மகர மெய் நிற்கிறது. கமலா என்றால் கால் வந்துவிடுகிறது. எங்கள் பட்டியலில் ஒரு பெயர்கூடத் தேறவில்லை. ஆங்கிலப் பெயர்கள் யாவும் தேறும். சீன எழுத்தில் எழுதிய பெயர்களும் தேறும். விதியை எழுதியவருக்குத் தமிழ்மீது பகை ஏதுமில்லை. எழுத்தும் குறியும் சேர்ந்தே ஓரெழுத்தாகும் மொழிகள் உண்டென்பது அவர் அறியாதது. எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்த்துவிட்டால் இடர் தீர்ந்தது. விதியில் கூடுதலாக வேண்டியது ஐந்தாறு எழுத்துகள்தாம்.

நீள வரம்பிலும் இதே சிக்கல் வருகிறது. கிருஷ்ணமூர்த்தி என்னும் பெயரை எழுத்தெண்ணிப் பார்த்தால் எட்டு. ஒருங்குறிக் குறியெண்களாக எண்ணினால் 15. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட் இடம் கொள்வதால் 45 பைட். ‘மேக்ஸ்லெங்த்’ எண்ணுவது நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல. 14 என்று வரம்பிட்டால் ஈற்றிலுள்ள இகரக்குறி வெட்டுண்டு, பெயர் ‘கிருஷ்ணமூர்த்த’ என்று நின்றுவிடும். பிழைச்செய்தியும் வராது, வெளியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வால்பகுதி ஓசையின்றி விழுந்துவிடும். கையெழுத்துப் பயிற்சியில் பிள்ளை இவ்வாறு எழுதினால் சிவப்பு மையால் வட்டமிடுவோம். கணினி எழுதினால் அச்சிட்டு மேடையில் வழங்கிவிடுகிறோம். ஜாவாஸ்கிரிப்டில் ‘செக்மென்டர்’ என்னும் கருவியைக் கொண்டு நாம் எண்ணும் முறைக்கு நெருக்கமாக எண்ணலாம். அதனினும் எளியது, பெயருக்குத் தாராளமான வரம்பு வைப்பது.

இன்னொன்றும் உண்டு, கண்ணுக்குத் தெரியாதது. கோமதி என்னும் பெயரின் முதலெழுத்தைக் கணினியில் இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக்குறி முழுதாக ஒன்று என்பது ஒருவகை. ககரம், இரட்டைக்கொம்பு, கால் என மூன்றாகப் பிரித்து வைப்பது மறுவகை. திரையில் இரண்டும் ஒன்றே. கணினி ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டும் வெவ்வேறு சொற்கள். பதிவு செய்த பெயரைத் தேடினால் "அப்படி ஒருவர் இல்லை" என்று விடை வரும். ஒருங்குறியில் ‘என்எஃப்சி’ என்னும் சீராக்கம் இதற்கென்றே வகுக்கப்பட்டுள்ளது. சரிபார்ப்பதற்கும் சேமிப்பதற்கும் முன் அச்சீராக்கத்தைச் செய்துவிட வேண்டும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்யும் வழக்கத்தைச் சீராக்கம் திருத்தாது. அதற்கு ஆசிரியர்கள்தாம் வேண்டும்.

தமிழ் அறியாதவர்கள் செய்த விதிகளையே குறைகூறிக்கொண்டிருந்தால் நடுநிலை தவறியவர்களாவோம். தமிழ்ப்பற்று மிக்க விதிகளும் பிழை செய்யும். எங்கள் படிவத்தின் இரண்டாம் பதிப்பில், தமிழ்ப் பெயர்க்கட்டத்திற்கு நன்னூல் கூறும் மொழிமுதல் எழுத்துகளை விதியாக வைக்கலாமே என்று எங்களுள் ஒருவர் ஆர்வத்தோடு முன்மொழிந்தார். நன்னூலின்படி மொழிக்கு முதலாகும் எழுத்துகள் 22. இறுதியாகும் எழுத்துகள் 24. அவ்வாறே வைத்துச் சோதித்தோம். ரகரத்தில் தொடங்கும் பெயர்கள் அத்தனையும் போயின. லகரத்தில் தொடங்குவனவும் போயின. ஜகர, ஸகரப் பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டா. முன்மொழிந்தவரின் மகள் பெயரே விழுந்தபோது அவரே சிரித்துவிட்டார். இலக்கணம் தமிழ்ச் சொல்லின் இயல்பைக் கூறுகிறது. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைத் தடுக்க அதனைக் காவலாக நிறுத்துவது நன்னூலார்க்கும் செய்யும் நீதியன்று. வடவெழுத்து வேண்டுமா வேண்டாவா என்பதை வகுப்பறையில் வாதிடலாம். பதிவுப் படிவத்தில் வாதிடலாகாது.

எண் கட்டங்களைப் பற்றி இரண்டொரு சொல். சுங்கைப்பட்டாணியின் அஞ்சல் குறியீடு 08000. அலோர்ஸ்டாருக்கு 05000. அக்கட்டத்தை ‘எண்’ வகையென்று அறிவித்து, எண்ணாகவே சேமித்தால், முன்னிற்கும் சுழியம் மறைந்து 8000 ஆகிவிடும். அடுத்த நிலையில் "ஐந்து இலக்கம் இல்லை" என்று அதே படிவம் குற்றம் சாட்டும். கெடா, பெர்லிஸ் மாநிலத்துப் பள்ளிகள் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப மறுக்கப்படுகின்றன என்று நாங்கள் வியந்தது இதனால்தான். கூட்டவோ கழிக்கவோ வேண்டாத இலக்கத் தொடர் எதுவும் கணினிக்கு உரையே. உரைக் கட்டமாகவே வைத்து, கைப்பேசியில் எண் விசைகள் மட்டும் தோன்றுமாறு ‘இன்புட்மோட்’ என்னும் பண்பை இட்டால் போதும். மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களைச் சிலர் இடைக்கோடிட்டு எழுதுவர், சிலர் இடாமல் எழுதுவர். இடைக்கோட்டை நீக்கும்படி மனிதரைக் கேட்பானேன்? நீக்குவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்பதால், பதின்மூன்றாம் மாதம் வந்திருந்தால் அங்கே உண்மையான பிழையைச் சுட்டலாம். சிங்கப்பூர் அடையாள எண்ணின் ஈற்றெழுத்து, முன்னுள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது; ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். இத்தகைய இடங்களில் சரிபார்ப்பு கடுமையாகவே இருக்கலாம்.

பிழையைக் கண்டபின் அதனை எவ்வாறு சொல்கிறோம் என்பது முற்றிலும் மொழியாசிரியர்க்கு உரிய பொருள். பக்கம் முழுவதும் தமிழில் இருந்தாலும், உலாவி தானே காட்டும் பிழைச்செய்தி உலாவியின் மொழியில்தான் வரும். ஆங்கிலத்திலோ மலாயிலோ அமைந்த உலாவியில், தமிழ்ப் படிவத்தின் நடுவே ஆங்கில வாக்கியமோ மலாய் வாக்கியமோ குமிழியாக எழும். ‘செட் கஸ்டம் வேலிடிட்டி’ என்னும் கட்டளையால் நம் சொற்களை அங்கே வைக்கலாம். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாம் வைத்த செய்தியை, பிழை திருத்தப்பட்டபின் வெறுமையாக்கிவிட வேண்டும். மறந்தால், சரியாக எழுதியபின்னும் அக்கட்டம் பிழையென்றே நின்று படிவம் நகராது.

சொற்கள் என்ன? பல தமிழ்ப் படிவங்களில் "தவறான உள்ளீடு" என்னும் தொடரைக் காண்கிறோம். யார் செய்த தவறு, எதில் தவறு, எவ்வாறு திருத்துவது என எதுவும் அதில் இல்லை. மாணவரின் கட்டுரையில் "தவறு" என்று மட்டும் எழுதித் திருப்பித் தரும் ஆசிரியரை நாம் மதிப்பதில்லை. "அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் இருக்க வேண்டும், இப்போது 11 உள்ளன" என்று எழுதினால், விடுபட்டதை உடனே தேடுவார்கள். ஏவல் வினையிலும் கருத்து வேண்டும். "நிரப்பு" என்பது அதட்டல். "நிரப்பவும்" என்பது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பொருந்தும். மாணவர்கள் மட்டுமே காணும் படிவமானால் "உன் பெயரை எழுது" என்பதும் இனிமையே.

செய்தி தோன்றும் நேரமும் முக்கியம். ஒவ்வொரு விசைக்கும் சரிபார்த்தால் தமிழ் எழுதுவோர்க்குத் தொல்லை. ஒலிபெயர்ப்பு விசைமுறையில் ‘கா’ எழுதப் புகுந்தால் முதலில் ‘க்’ தோன்றும், பிறகே ‘கா’வாகும். எழுத்து உருவாகி முடியுமுன் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கை வந்தால், வாயைத் திறக்குமுன் குறுக்கிடுவதைப் போன்றது. கட்டத்தைவிட்டு நீங்கும்போது சரிபார்ப்பதே முறை. பாதியில் நிறுத்தி நாளை தொடர விரும்புவோர்க்கு "வரைவாகச் சேமிக்க" என்று ஒரு பொத்தான் வைத்தால், அதற்குச் சரிபார்ப்பு வேண்டாவென அறிவிக்க ‘ஃபார்ம் நோவேலிடேட்’ என்னும் பண்பு உண்டு. முற்றுப்பெறாத வரைவை யாரும் திருத்துவதில்லை.

இனி, எங்கள் படிவத்தின் இரண்டாம் குற்றத்திற்கு வருவோம். போட்டிக்கு முன்தினம் பட்டியலை எடுத்தபோது ஒரே மாணவி மூன்று முறை பதிவாகியிருந்தாள். வேறு சிலரும் இருமுறை வந்திருந்தனர். ஆசிரியர்கள் பொறுமையிழந்து அழுத்திவிட்டார்கள் என்று முதலில் நினைத்தோம். "அழுத்தினேன், ஒன்றுமே நடக்கவில்லை. அதனால் மறுபடியும் அழுத்தினேன்" என்றார் ஒருவர். நடந்தது அவர் கண்ணில் படாத இடத்தில் நடந்திருந்தது.

இணைப்பையோ படிவத்தின் விடையையோ எந்தச் சாளரத்தில் திறப்பது என்பதைக் குறிக்கும் பண்பிற்கு ‘டார்கெட்’ என்று பெயர், இலக்கு எனலாம். ஒரே திரையைப் பல சட்டகங்களாகப் பிரித்துக் காட்டிய 1990-களில் அது பெருவழக்காயிற்று. தன் சாளரத்திலேயே திறப்பதற்கு ‘செல்ஃப்’, புதிய சாளரத்திற்கு ‘பிளாங்க்’, சட்டகங்களையெல்லாம் உதறி முழுச்சாளரத்தில் திறப்பதற்கு ‘டாப்’ என, முன்னே ஓர் அடிக்கோடிட்டு எழுதுவர். நாமே ஒரு பெயரைச் சூட்டினால், அப்பெயருடைய சாளரம் முன்பே திறந்திருக்கும்போது புதியது திறக்காமல் அதிலேயே ஏற்றப்படும். அச்சாளரம் வேறொன்றின் பின்னால் மறைந்திருந்தால், அழுத்தியவருக்கு ஒன்றும் நடவாதது போலவே தோன்றும். 1999-இல் வெளிவந்த எச்டிஎம்எல் 4.01-இன் கண்டிப்பு வகை, இலக்குப் பண்பையே ஒதுக்கிவைத்தது. எச்டிஎம்எல் 5 அதனை மீண்டும் ஏற்றுக்கொண்டது.

நாங்கள் செய்தது என்னவென்றால், பதிவு முடிந்ததும் உறுதிக் கடிதத்தைப் புதிய சாளரத்தில் திறக்கச் செய்தோம். படிவம் அனுப்பப்பட்டு, வழங்கியின் மறுமொழி வந்தபின்னரே சாளரத்தைத் திறக்கும் கட்டளை இயங்கிற்று. மனிதர் அழுத்திய விசையோடு உடனே திறக்கும் சாளரத்தை உலாவி அனுமதிக்கும். காலம் தாழ்த்தித் தானே திறக்க முயல்வதை விளம்பரச் சாளரம் என்று கருதித் தடுத்துவிடும். ஆகவே கடிதமும் வரவில்லை. பழைய சாளரத்தில் படிவம் நிரப்பிய கோலத்திலேயே நின்றது. பொத்தானும் உயிரோடு இருந்தது. மறுபடியும் அழுத்தாமல் என்ன செய்வார்கள்? கடிதம் திறந்துவிட்ட கைப்பேசிகளிலோ வேறு இடர். புதிய சாளரத்திற்கு முன்வரலாறு இல்லாததால், பின்செல்லும் பொத்தான் படிவத்திற்கு அழைத்துச் செல்லவில்லை. திரைவாசிப்பானைக் கொண்டு படிக்கும் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர், தாம் எங்கே இருக்கிறோம் என்றே அறிய இயலவில்லை என்று பின்னர்ச் சொன்னார்.

புதிய சாளரமே கூடாது என்பது எங்கள் கருத்தன்று. படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் நடுவே "போட்டி விதிமுறைகள்" என்னும் இணைப்பை அழுத்தினால், அது அதே சாளரத்தில் திறந்து, எழுதியதெல்லாம் அழிந்துபோகலாம். அங்கே புதிய சாளரம் உதவி. "புதிய சாளரத்தில் திறக்கும்" என்று இணைப்பிலேயே எழுதிவிட்டால் யாரும் வழிதவற மாட்டார்கள். ஒரு பாதுகாப்புச் செய்தியும் இங்கே மாணவர்கள் அறியத்தக்கது. முன்னெல்லாம் புதிதாகத் திறந்த பக்கம், தன்னைத் திறந்த பக்கத்தை ‘ஓப்பனர்’ என்னும் வழியே பற்றி, அதனை வேறொரு போலிப் பக்கமாக மாற்றிவிட இயலும். திரும்பிவந்து பார்ப்பவர் அதனைப் பழைய பக்கமென்றே நம்பிக் கடவுச்சொல்லை இடுவார். ‘நோஓப்பனர்’ என்று இணைப்பில் குறித்து அதனைத் தடுத்து வந்தார்கள். சஃபாரி 2019-இலும், ஃபயர்பாக்ஸ் 2020-இலும், குரோம் 2021-இலும் ‘பிளாங்க்’ இணைப்புகளுக்கு அத்தடையைத் தாமாகவே இடத் தொடங்கின. ஆயினும் பள்ளிகளில் பழைய கணினிகள் இன்னும் இருப்பதால், அச்சொல்லை நாமே எழுதிவிடுவது நல்லது.

எங்கள் படிவத்தை இப்போது திருத்திவிட்டோம். விடை அதே சாளரத்தில் வருகிறது. பதிவானதும் வேறு பக்கத்திற்கு மாற்றிவிடுவதால், பக்கத்தைப் புதுப்பித்தாலும் மறுபடி பதிவாவதில்லை. ஒவ்வொரு படிவத்திற்கும் வழங்கி முன்கூட்டியே ஓர் எண்ணைத் தந்துவிடுகிறது. அதே எண்ணில் இரண்டாம் முறை வந்தால், முன்பதிவின் கடிதத்தையே திரும்பக் காட்டுகிறது. பெயர்க்கட்டத்தில் சாய்கோடு, புள்ளி, மேற்கோட்குறி, இடைக்கோடு எல்லாம் வரலாம். வெறுமையை மட்டும் ஏற்பதில்லை.

மறுபதிப்பைத் திறக்குமுன், முதல் ஆண்டு நாங்கள் மறுத்த அந்த மாணவியின் பெயரையே, அவள் இசைவோடு, சோதனைப் பெயராக இட்டோம். இப்போது அவள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். பெயரையும் ஏ/பி-யையும் தந்தை பெயரையும் அவளே தட்டச்சு செய்தாள். படிவம் ஏற்றுக்கொண்டது. சான்றிதழ் மட்டும் இரண்டு வரியாக அச்சாயிற்று, பெயர் நீளமானது. "எழுத்தைச் சிறிதாக்கலாம் ஐயா, பெயரை வெட்ட வேண்டாம்" என்றாள். அவ்வாறே செய்தோம்.